வாவிக் கரையின் வரவுப் பாட்டு

2000ஆம் ஆண்டை ஒட்டிய மாலைப் பொழுது. ஆரையம்பதியிலோ கல்லடியிலோ ஓர் ஒழுங்கை. அடுப்பில் உலை கொதிக்கிறது, முற்றத்தில் பிள்ளைகள் பாடப் புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறார்கள். அடுத்த வீட்டிலிருந்து நித்யஸ்ரீ மகாதேவனின் குரல் எழுகிறது. படம் இன்னும் கண்ணில் படவில்லை. ஆனால் ஒழுங்கைக்கே தெரிந்துவிடுகிறது. "புள்ள, துவங்கிற்றுகா!" என்று ஒரு குரல் வேலிக்கு மேலால் போகிறது. கையைத் துடைத்துக்கொண்டு பெண்கள் ஓடுகிறார்கள். பாட்டு முடிவதற்குள் பாயில் இடம் பிடித்துவிட வேண்டும்.

அந்தப் பாட்டு 'சித்தி' தொடரின் தலைப்புப் பாடல். 1999 டிசம்பரில் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய அத்தொடரும், 2002இல் தொடங்கிய 'மெட்டி ஒலி'யும் சக்தி தொலைக்காட்சி, செய்மதி அன்ரெனா, வீடியோக் கடைக் கசட் என்று ஏதோ ஒரு வழியில் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் வந்து சேர்ந்தன. இரண்டுக்கும் இசையமைத்தவர் தினா. இரண்டிலும் முகப்பில் ஒலித்தது நித்யஸ்ரீயின் குரல். இன்று நாற்பதைத் தாண்டிய ஒருவரிடம் அத்தொடர்களின் கதையைக் கேட்டால் பாதி மறந்திருக்கும். பாட்டு மறந்திருக்காது. கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் மட்டக்களப்பார் அந்த இசையைக் கேட்டதும் தங்கள் ஒழுங்கையையும், அந்த அடுத்த வீட்டின் திண்ணையையும், அங்கே பக்கத்தில் இருந்தவர்களையும் நினைத்துக்கொள்கிறார்கள்.

தொலைக்காட்சித் தலைப்புப் பாடல் மீதான ஏக்கம் உலகெங்கும் உண்டு. மட்டக்களப்பில் அதற்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. வருவது யார் என்பதை இசையால் முன்கூட்டியே அறிவிக்கும் வழக்கம் இந்த வாவிக் கரைக்குத் தொலைக்காட்சியோடு வந்ததல்ல. அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே இங்குள்ளவர்களின் காது அதற்குப் பழகியிருந்தது.

முதலில் வாவியையே எடுத்துக்கொள்ளலாம். தெற்கே கல்முனைப் பக்கத்திலிருந்து வடக்கே ஏறாவூர்ப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலோடு சேர்ந்து கிடக்கிறது இந்த நீர்ப்பரப்பு. கிழக்குக் கரை எழுவான்கரை, மேற்குக் கரை படுவான்கரை. நிலவு நாட்களில் இந்த நீரின் அடியிலிருந்து ஓர் இசை எழும் என்பது தலைமுறைகளாக இங்கு சொல்லப்பட்டுவருவது. 1848இல் மட்டக்களப்புக்கு வந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ட் நிலவில் படகேறிப் போய் அதைக் கேட்டார். தந்தியை மெல்ல மீட்டியது போன்ற ஒலிகள் நீருக்குள்ளிருந்து தனித்தனியாக வந்தன என்றும், படகின் மரத்தில் காதை வைத்தபோது இன்னும் தெளிவாகக் கேட்டன என்றும் எழுதிவைத்தார். மீனவர்கள் அவரிடம் அது ஊரியின் குரல் என்றார்கள். நீருக்கடியிலிருந்து சில நத்தைச் சிப்பிகளையும் எடுத்துக் காட்டினார்கள். பிற்காலத்தார் அதை மீனின் பாட்டு என்றார்கள். 'மீன்பாடும் தேன்நாடு' என்ற பெயர் அதிலிருந்துதான் வந்தது.

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1947இல் வெளியான தமது 'யாழ்நூல்' ஆராய்ச்சிப் பெருநூலில் இந்த வாவி இசைக்கும் ஓர் இடம் தந்தார். நீரர மகளிர் பாடுவதாக அதைக் கற்பனை செய்தார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மட்டக்களப்பில் பணியாற்றிய லாங் அடிகள் என்ற அமெரிக்க இயேசு சபைத் துறவி அந்த ஒலியைப் பதிவுசெய்தார். அது இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. பாடுவது யார் என்று கண்ணால் காணாமலே, காதால் மட்டும் அறிந்து பெயர் வைத்த ஊர் இது.

அந்தக் காதைப் பழக்கியது கூத்து.

வடமோடி, தென்மோடி என்ற இரு மரபுகளும் வாவியின் இரு கரைகளிலும் வேரோடியவை. கன்னன்குடா, வந்தாறுமூலை, சீலாமுனை, முனைக்காடு, மகிழடித்தீவு என்று கூத்தால் பெயர்பெற்ற ஊர்களின் பட்டியல் நீளும். வடமோடி பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க் கதைகளைப் பாடும். தென்மோடியின் கதைகளில் காதலும் அலைச்சலும் மிகுதி, ஆட்டமும் நுணுக்கம் கூடியது. வயல் வேலை ஓய்ந்த காலத்தில் மண்ணை உயர்த்தி வட்டக்களரி போடுவார்கள். களரியின் நடுவில் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். பக்கத்தில் சல்லரி. கொப்பி பார்த்துப் பாட்டெடுத்துக் கொடுப்பவரும் பக்கப்பாட்டுக்காரரும் உடனிருப்பர். ஊர் முழுவதும் பாயோடும் தலையணையோடும் வந்து களரியைச் சுற்றி அமரும். விடியும்வரை கூத்து.

அந்த இரவில் எந்தப் பாத்திரமும் சும்மா உள்ளே நுழைவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வரவு உண்டு. முதலில் வருபவன் கட்டியகாரன். அரசர் வருகிறார், சபை கூடப்போகிறது என்று அறிவிப்பது அவன் தொழில். அவனுக்கே ஒரு வரவு விருத்தம், ஒரு தாளக்கட்டு. பிறகு அரசன், மந்திரி, இளவரசி, தோழி, வீரன். ஒவ்வொருவரும் வரும்போது முதலில் விருத்தம், அதன்பின் வரவுத் தரு என்ற பாட்டு, கூடவே மத்தளத்தில் அந்தப் பாத்திரத்துக்குரிய தாளக்கட்டு. அரசனின் வரவில் கம்பீரம், பெண் பாத்திரத்தின் வரவில் மென்மை, போருக்குப் புறப்படும் வீரனின் வரவில் வேகம். தென்மோடியில் பாத்திரம் முதன்முதல் களரிக்கு வரும்போது இருவர் வெள்ளைத் துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் சதங்கை ஒலிக்கும், பாட்டு எழும், மத்தளம் அதிரும். ஆள் இன்னும் தெரியமாட்டார். களரியைச் சுற்றியிருப்பவர்களுக்கோ வருவது யார் என்பது தெரிந்துவிடும்.

நள்ளிரவு தாண்டிப் பாதிப் பேர் உறங்கிப்போவார்கள். குறிப்பிட்ட ஒரு வரவுக்கு மத்தளம் மாறியதும் தாய்மார் பிள்ளைகளைத் தட்டி எழுப்புவார்கள். கர்ணன் வருகிறான் என்றோ அல்லி வருகிறாள் என்றோ யாரும் சொல்ல வேண்டியதில்லை. தாளம் சொல்லிவிடும். மாதக்கணக்கில் கூத்துப் பழகும்போதே ஊர்ப் பிள்ளைகள் வெளியே நின்று கேட்டுக் கேட்டு எல்லா வரவுகளையும் மனப்பாடம் செய்திருப்பார்கள். அரங்கேற்ற இரவில் கூத்தர் வரியை மறந்தால் பார்ப்பவர் எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு அது ஊரின் பொதுச் சொத்து. தலைப்புப் பாடல் செய்யும் வேலை முழுவதையும் வரவுப் பாட்டு செய்தது. ஆளை அறிமுகப்படுத்தியது, கதையின் மனநிலையைச் சொன்னது, சிதறிய கவனத்தைத் திரட்டியது, உறங்குபவரை எழுப்பியது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் இந்தக் கூத்துகளைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்'. வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார் மாணவர்களுக்குக் கூத்துப் பழக்கினார். விடிய விடிய ஆடும் கூத்தை நகர மேடைக்காக ஒரு மாலைப் பொழுதுக்குள் அடக்க வேண்டியிருந்ததால், திரும்பத் திரும்ப வரும் பாட்டுகளும் நீண்ட வரவுகளும் சுருங்கின. அப்படிச் சுருங்கிய வடிவில்தான் கொழும்பும் யாழ்ப்பாணமும் மட்டக்களப்புக் கூத்தைக் கண்டு வியந்தன. அந்த மேடைகளில் ஆடிய மாணவர்களில் ஒருவரான சி. மௌனகுரு பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை முழுமையாக ஆராய்ந்து நூலாக்கினார். வரவு எவ்வளவு நுணுக்கமான கலை என்பதைப் பின்வந்தவர்கள் அறிய அந்த ஆய்வு பெரும் துணை.

கூத்துக்கு வெளியிலும் இந்தக் காது வேலை செய்தது. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களின் கதவு திறந்ததும், சடங்கு இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை உடுக்கொலியையும் பாடும் முறையையும் கொண்டு வீட்டிலிருந்தே சொல்லும் மூதாட்டிகள் ஒவ்வோர் ஊரிலும் இருந்தார்கள். குளிர்த்திப் பாடல் எழுந்தால் சடங்கு முடிவை நெருங்குகிறது என்று பொருள். காத்தான்குடி, ஏறாவூர் போன்ற முஸ்லிம் ஊர்களில் நோன்புக் காலத்தில் பக்கீர் பாவாக்கள் றபானைத் தட்டிப் பாடிக்கொண்டு தெருவில் வருவார்கள். ஸஹர் நேரம் வந்துவிட்டது என்பதற்கு அந்த ஒலியே அடையாளம். ஒலிபெருக்கி வந்த பிறகு கோயிலிலும் கல்யாண வீட்டிலும் சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாடல் முதலில் ஒலிக்கும். அதைக் கேட்டதும் எந்தத் திசையில் விசேஷம் என்று ஊர் காதைத் திருப்பும்.

இப்படிப் பழகிய செவிகளுக்குத்தான் வானொலி வந்து சேர்ந்தது.

கொழும்பில் 1925 டிசம்பரில் ஒலிபரப்புத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் தன் படையினருக்காக நடத்திய வானொலி நிலையத்தையும், ஏக்கலையில் அமைந்திருந்த 100 கிலோவாட் சிற்றலைப் பரப்பியையும் போருக்குப் பிறகு இலங்கை பெற்றுக்கொண்டது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் இந்தியத் தகவல் அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டை ஒதுக்கியபோது, அதற்கு ஏங்கிய கோடிக்கணக்கான காதுகள் இலங்கையின் பக்கம் திரும்பின. 1957இல் அகில இந்திய வானொலியின் திரைப்பாட்டுச் சேவையான விவித்பாரதி தொடங்கப்பட்டதற்கே இலங்கை வானொலி ஒரு காரணம். எஸ்.பி. மயில்வாகனம் தொடங்கி கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் வரை அந்தச் சேவையின் தமிழ்க் குரல்கள் தமிழ்நாட்டின் வீடுகளிலும் குடும்பத்தினர் போல அறியப்பட்டன.

சிற்றலை வானொலிக்குக் குறியிசை ஓர் அலங்காரமல்ல, தேவை. முள்ளை மெல்ல மெல்லத் திருப்பி, இரைச்சலுக்கு நடுவில் நிலையத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். நிகழ்ச்சி தொடங்கச் சில நிமிடங்களுக்கு முன்பே ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால், கேட்பவர் அதை இனங்கண்டு முள்ளைச் சரிசெய்துகொள்ளலாம். அகில இந்திய வானொலியின் புகழ்பெற்ற குறியிசையை 1930களில் அமைத்தவராகச் சொல்லப்படும் வால்டர் காஃப்மன், ஐரோப்பாவிலிருந்து பம்பாய்க்குத் தஞ்சம் வந்த யூத இசைஞர். தம்புராவின் சுருதி மேல் எழும் அந்த மெட்டைக் கேட்டு விழித்த தலைமுறைகள் இந்தியாவில் பல.

இலங்கை வானொலியில் நிலையத்துக்கு மட்டுமல்ல, நிகழ்ச்சிகளுக்கும் குறியிசை இருந்தது. காலையில் 'பொங்கும் பூம்புனல்', பிறகு 'இசையும் கதையும்', 'பாட்டுக்குப் பாட்டு'. சானாவின் 'லண்டன் கந்தையா', சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்', எஸ். ராம்தாஸின் 'கோமாளிகளின் கும்மாளம்' போன்ற நாடகங்கள். மணிக்கூடு இல்லாத வீடுகளில் இந்த இசைகளே நேரம் சொன்னன. இந்த இசை கேட்டால் பள்ளிக்குப் புறப்பட வேண்டும், அந்த இசை கேட்டால் வயலிலிருந்து வந்தவருக்குச் சோறு போட வேண்டும் என்று வீடுகள் தங்கள் நாளை வகுத்துக்கொண்டன. மரண அறிவித்தல் நேரம் வந்தால் பேச்சு நிற்கும். தூரத்து ஊரின் பெயரும் தெரிந்த உறவின் பெயரும் சேர்ந்து வருகிறதா என்று காது கூர்மையாகும்.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி மட்டக்களப்பைச் சுழற்றி அடித்தது. தென்னந்தோட்டங்கள் சரிந்தன, கூரைகள் பறந்தன. ஊர் எழுந்து நிற்கத் தொடங்கியபோது நாட்டில் ஒரு புதுப் பெட்டி வந்திருந்தது. 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சி கொழும்புச் சுற்றுவட்டாரத்தில் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினி தொடங்கியது. 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகலை மலையிலிருந்து அதன் அலைகள் நாடெங்கும் இறங்கின. திறந்த பொருளாதாரம் இறக்குமதிக்கு வழிவிட்டிருந்தது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பும்போது பெட்டியோடு வந்தார்கள். ஓர் ஒழுங்கைக்கு ஒரு தொலைக்காட்சி என்ற காலம் அது. கூரைக்கு மேல் நின்று ஒருவர் அன்ரெனாக் கம்பத்தைத் திருப்புவார், முற்றத்தில் நின்று ஒருவர் "இஞ்சால, இன்னும் இஞ்சால" என்று கத்துவார். படத்தில் பனி பெய்யும். ஒலி மட்டும் தெளிவாக வரும்.

வடக்கே யாழ்ப்பாணத்தார் பாக்கு நீரிணையைத் தாண்டிவந்த தூர்தர்ஷனைப் பிடித்தார்கள். பண்டிட் ரவிசங்கரும் உஸ்தாத் அலி அஹமது ஹுசைன் கானும் அமைத்த அதன் முகப்பிசை அவர்களின் நினைவில் இருக்கிறது. கிழக்குக் கரைக்கு ரூபவாஹினியே பிரதானம். அதில் தமிழுக்குக் கிடைத்த நேரம் சிறியது. தமிழ்ச் செய்தியும் சில நிகழ்ச்சிகளும் போக மிச்சமெல்லாம் சிங்களம், ஆங்கிலம். ஆகவே 1980களின் மட்டக்களப்புப் பிள்ளைகள் பொருள் தெரியாத பல முகப்பிசைகளை மனதில் ஏற்றிக்கொண்டார்கள். பேசும் கார் வரும் 'நைட் ரைடர்', ஜப்பானிய ஏழைச் சிறுமியின் வாழ்க்கையைச் சொன்ன 'ஓஷின்', டைட்டஸ் தொட்டவத்த சிங்களக் குரலும் பாட்டும் சேர்த்துத் தந்த கார்ட்டூன்கள், 1987இல் சுயாதீனத் தொலைக்காட்சியில் தொடங்கி வாராவாரம் ஒளிபரப்பான 'கோப்பி கடே'. சிங்களம் ஒரு சொல்லும் தெரியாத பிள்ளை 'கோப்பி கடே' மெட்டை முழுதாக முணுமுணுக்கும். கிழக்கில் தமிழரும் சிங்களவரும் ஒருவரையொருவர் அச்சத்தோடு பார்த்த ஆண்டுகள் அவை. அதே ஆண்டுகளில் அம்பாறைச் சிங்களப் பிள்ளையும் மட்டக்களப்புத் தமிழ்ப் பிள்ளையும் ஒரே மெட்டைக் கேட்டு ஒரே நேரத்தில் பெட்டிக்கு முன் ஓடினார்கள் என்பதும் இந்த நாட்டின் வரலாற்றில் எழுதப்பட வேண்டியது.

1990 யூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டது. மின்சாரம் நிலையற்றுப்போனது. படுவான்கரையின் பல கிராமங்களில் அது இல்லவே இல்லை. வலையிறவுப் பாலத்தின் சோதனைச் சாவடியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் பொருள் கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. பற்றரியும் கட்டுப்பாட்டுக்குள் வந்த பொருள். தொலைக்காட்சி பெரும்பாலான வீடுகளில் துணி போர்த்து மூடப்பட்டது. மீண்டும் வானொலிக்குத் திரும்பினார்கள்.

அந்தக் காலத்தின் குறியிசை என்று எந்த மட்டக்களப்பாரைக் கேட்டாலும் தயங்காமல் சொல்வார்: இரவு ஒன்பதே காலுக்கு லண்டனிலிருந்து வரும் பிபிசி தமிழோசை. அந்த இசை எழுந்ததும் வீடு அமைதியாகும். எங்கே சண்டை, எங்கே குண்டு, பாதை திறந்ததா மூடியதா என்பதை அறிய ஒருவர் வானொலியைக் காதோடு வைத்திருப்பார், மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்திருப்பார்கள். மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் தமிழ் ஒலிபரப்பும் அப்படியே கேட்கப்பட்டது. பற்றரியை மிச்சப்படுத்த மற்ற நேரங்களில் வானொலியை நிறுத்திவைத்தார்கள். நலிந்துபோன பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் சில நாள் ஓட்டினார்கள். 1941இல் தொடங்கிய தமிழோசை வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றது. போரைக் கடந்தவர்களுக்கு அந்த இசை இன்றும் வயிற்றைப் பிசைகிறது. இசை மீதான ஏக்கம் என்றால் இனிப்பான நினைவு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்தத் தலைமுறையிடம் பேசிப் பார்க்க வேண்டும்.

1998இல் தனியார் தமிழ் ஒலிபரப்புகள் வந்தன. சூரியன் எப்.எம்., சக்தி எப்.எம்., அத்தோடு சக்தி தொலைக்காட்சி. சக்தி எப்.எம். வானொலியின் தொடக்கக் காலப் பணிப்பாளராக இருந்தவர் எழில்வேந்தன். பெரியநீலாவணையின் கவிஞர் நீலாவணனின் மகன். வாவியின் தென்கோடி மண்ணிலிருந்து போனவர் ஒருவர் நாடளாவிய தமிழ் ஒலிபரப்பின் தலைமையில் இருந்தார் என்பது இந்தக் கரைக்குப் பெருமை. இலங்கை வானொலியில் வளர்ந்த 'பாட்டுக்குப் பாட்டு' அப்துல் ஹமீதோடு சன் தொலைக்காட்சிக்குப் போய் உலகத் தமிழர் வீடுகளுக்குத் திரும்பி வந்ததும் அந்தக் காலத்தில்தான்.

இனித் தமிழிலேயே, நாளாந்தம், ஒரே நேரத்தில் தலைப்புப் பாடல் வந்தது. 'மெட்டி ஒலி' 811 அத்தியாயங்கள். 'சித்தி' 467. ஒரு திரைப்பாட்டு பிடித்துவிட்டால் விரும்பியபோது கேட்பார்கள். தலைப்புப் பாடலை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வாரத்தில் ஐந்து நாள், அதே வேளையில், அதே ஆட்களோடு இருந்து கேட்டாக வேண்டும். அந்தப் பழக்கம்தான் பாட்டை நேரத்தோடும் ஆட்களோடும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் கேட்ட இசை முதுமை வரை மற்றவற்றைவிட உறுதியாக நிற்கும் என்று உளவியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து நாவலடியையும் கல்லடியின் கரையோரத்தையும் அழித்தபோது 'மெட்டி ஒலி' ஓடிக்கொண்டிருந்த காலம். அந்த வாரம் வரை ஒரே பாயில் இருந்து அந்தப் பாட்டைக் கேட்ட சிலர் அதன்பின் இல்லை. நாவலடிக்காரருக்கு அந்த மெட்டில் அவர்களும் இருக்கிறார்கள்.

உலகின் வேறு இடங்களிலும் தலைப்பிசை என்ற கலைக்கு உயர்ந்த சான்றுகள் உண்டு. பிபிசியின் 'டொக்டர் ஹூ' தொடருக்கு ரொன் கிரெய்னர் எழுதிய மெட்டை 1963இல் டெலியா டெர்பிஷயர் ஒலிநாடாத் துண்டுகளை வெட்டி ஒட்டி மின்னொலியில் செய்துகொடுத்தார். இன்றைய மின்னிசைக் கலைஞர்கள் அவரைத் தங்கள் முன்னோடியாக மதிக்கிறார்கள். ஆர்.கே. நாராயணின் கதைகளைச் சங்கர் நாக் 'மால்குடி டேய்ஸ்' ஆக எடுத்தபோது எல். வைத்தியநாதன் தந்த முகப்பிசை, ஒரு கற்பனை ஊரை இந்தியா முழுவதுக்கும் சொந்த ஊராக்கியது.

இன்று நிலைமை வேறு. 2017இல் நெட்ஃபிளிக்ஸ் முகப்பைத் தாண்டிச் செல்லும் பொத்தானை வைத்தது. ஒரு சராசரி நாளில் அது 13 கோடியே 60 இலட்சம் தடவை அழுத்தப்படுகிறது என்று 2022இல் அந்த நிறுவனமே சொன்னது. தனித்தனிக் கைத்தொலைபேசியில், தனித்தனி நேரத்தில், காதுக்குள் கருவியை வைத்துப் பார்க்கும்போது வரவுப் பாட்டுக்கு வேலை இல்லை. யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. வேலிக்கு மேலால் போகும் குரலும் இல்லை.

ஆனாலும் வாவிக் கரையில் ஒரு வரவு இசை இன்றும் நாள்தோறும் ஒலிக்கிறது. காலையிலும் மாலையிலும் பாண் விற்கும் முச்சக்கரவண்டி பேத்தோவனின் 'ஃபர் எலிஸ்' மெட்டை ஒலித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் நுழைகிறது. 1810இல் ஜெர்மானியர் ஒருவர் பியானோவுக்கு எழுதியது அது. வாழைச்சேனையிலும் களுவாஞ்சிக்குடியிலும் அதன் பொருள் ஒன்றே ஒன்று: பாண் வந்துவிட்டது. குழந்தைகள் காசோடு ஓடுகிறார்கள். இன்னும் இருபது வருடம் கழித்துத் தூரதேசத்தில் எங்கோ அந்த மெட்டைக் கேட்டால் அவர்கள் சூடான பாணையும் தங்கள் வீட்டுப் படலையையும் நினைப்பார்கள்.

கூத்தின் வரவுகளை மௌனகுருவும் அவர் வழிவந்தவர்களும் எழுத்திலாவது காத்தார்கள். சீலாமுனை போன்ற ஊர்களில் கூத்து மீளுருவாக்கம் நடந்தது. கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் மத்தளத்தின் தாளக்கட்டு இன்றும் பயிலப்படுகிறது. 'சித்தி'யும் 'மெட்டி ஒலி'யும் இணையத்தில் கிடைக்கின்றன. கூத்துக்கும் இத்தொடர்களுக்கும் நடுவில் இருப்பவைதான் கைநழுவும் நிலையில் இருக்கின்றன: இலங்கை வானொலித் தமிழ் நாடகங்களின் முகப்பிசைகள், ரூபவாஹினித் தமிழ் நிகழ்ச்சிகளின் தலைப்புப் பாடல்கள், இந்த நாட்டின் தமிழ்க் கவிஞர்கள் எழுதி இந்த நாட்டின் இசைஞர்கள் அமைத்தவை. அவற்றை எழுதியவர், பாடியவர், வாத்தியம் வாசித்தவர் பெயர்களும் அவற்றோடு சேர்ந்து மங்குகின்றன. லண்டனில் பிபிசியே தன் பழைய நாடாக்களை அழித்துவிட்டுப் பிற்காலத்தில் தேடி அலைந்தது என்றால், போரும் சூறாவளியும் கடலும் கடந்த ஒரு மண்ணில் எஞ்சியவற்றின் அருமை எவ்வளவு?

எஞ்சியவற்றைத் திரட்டிக் காக்க நிறுவனங்களும் இருக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழரின் நூல்களோடு ஒலி, ஒளிப் பதிவுகளையும் சேர்த்துவருகிறது. கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் போதும், ஒரு வருடத்தில் ஒரு தொகுப்பு உருவாகிவிடும். பழைய கசட்டுகள் பரணில் கிடக்கின்றன, ஈரம் பிடிப்பதற்கு முன் அவற்றை இறக்க வேண்டும். கசட் இல்லாத வீடுகளில் நினைவு இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியம்மாவிடமோ மூத்தப்பாவிடமோ போய் இருந்து, அந்த நாடகத்துக்கு என்ன பாட்டு வரும் என்று கேளுங்கள். முதலில் வெட்கப்படுவார்கள். மறுகா மெட்டு வரும், பிறகு சொல்லும் வரும். கைத்தொலைபேசியில் பதிவுசெய்யுங்கள். நிகழ்ச்சியின் பெயர், கேட்ட ஆண்டு, பாடியவர் பெயர், கேட்ட ஊர் நான்கையும் கூடவே எழுதுங்கள். பாடத் தெரிந்தவர்கள் இன்னும் எங்கள் ஒழுங்கைகளில் இருக்கிறார்கள். இந்த வருடமே கேட்டு வையுங்கள்.